கணுவுக்கு ஒரு கம்பி

திபிலிசி, தொண்ணூற்று மூன்று, குளிர்காலம்.
மின்சாரம் எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை.
கடைசல் இயந்திரத்துக்கு மேல் தொங்கும் பல்பின்
சுவிட்சைப் போட்டே வைத்திருப்பேன்.
எரிந்தால் எழ வேண்டும்.
அவ்வளவுதான் என் கால அட்டவணை.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார்
அவ்தாந்தில் கெலோவானி, வேதியியல்.
மேலங்கியில் மூன்று பொத்தான், மூன்றும் வேறு வேறு.
"அக்ரூட் மரத்தில் ஆர்பிட்டல் வேண்டும்.
எஸ் ஒன்று, பி ஒன்று.
படம் போட்டால் பிள்ளைகள்
அதை எலக்ட்ரான் ஓடும் தடம் என்கிறார்கள்.
படம் போட இப்போது சாக்பீஸும் இல்லை."
கூலி நான்கு லிட்டர் மண்ணெண்ணெய்.
சரி என்றேன்.

எஸ் சுலபம். உருண்டை.
"எவ்வளவு பெரிது?"
"நூறு தடவை தேடினால் தொண்ணூறு தடவை
எலக்ட்ரான் உள்ளே அகப்படும் அளவு."
"மீதிப் பத்து?"
"வெளியே. அதற்கு எல்லை கிடையாது.
மிக மிக அரிதாக
ம்த்க்வாரி ஆற்றுக்கு அக்கரையிலும்."
அளவுகோலை மடித்துப் பைக்குள் போட்டேன்.

மூன்றே கால் மணிக்குப் பல்பு எரிந்தது.
உளி வைத்தேன். தூள் பறந்தது.
இயந்திரத்தடியில் அடர்த்தியாய்,
தள்ளித் தள்ளி மெலிந்து,
கதவிடுக்கில் ஒரு பொட்டு, வெளியே பனியில் ஒன்றோ இரண்டோ.
கையில் உருண்டையோடு
வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் கேட்டது இதைத்தான் போலிருக்கிறது.
விடிந்ததும் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டேன்.
மீதிப் பத்தில்
அக்கா கால் நீட்டிக் குளிர் காய்ந்தாள்.

அக்காவைச் சொல்லவில்லையே.
லாமாரா. எங்களுக்கு ஒரே கட்டில், ஒரே கம்பளி.
பதினோரு மாதமாய்ப் பேச்சில்லை.
அவள் சுவர் பார்த்து, நான் கதவு பார்த்து.
ஓர் ஆர்பிட்டலில் இரண்டுக்கு மேல் இடமில்லை,
இரண்டும் எதிரெதிர்ச் சுழற்சியில் இருந்தாக வேண்டும்
என்று அவ்தாந்தில் சொன்னபோது
சிரித்துவிட்டேன்.
"நிஜமாகவே சுழல்கிறதா?"
"இல்லை. பெயர் அப்படி நின்றுவிட்டது."
எங்கள் சண்டைக்கும் அப்படித்தான்,
விற்றுப்போன பியானோ என்று ஒரு பெயர்.

பி-யில் மாட்டிக்கொண்டேன்.
இரண்டு மடல், எதிரெதிரே,
நடுவில் கணு.
மரத்தில் கணு என்றால் எனக்குத் தெரியும்,
உளி முனை மழுங்கும் இடம்,
கிளை ஒன்று முளைத்த இடம்.
அவருடைய கணுவில் ஒன்றுமே இல்லை.
எலக்ட்ரான் அங்கே அகப்படவே அகப்படாது.
"அப்புறம் இந்த மடலிலிருந்து அந்த மடலுக்கு
எந்த வழியாகப் போகும்?"
அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மின்சாரம் போயிற்று.
இருட்டில் ரொட்டி வரிசைக்குக் கிளம்பிவிட்டார்.

பழுதுக்கு வந்த பாந்துரி ஒன்று சுவரில் இருந்தது.
தந்தியின் சரிபாதியில்
மடித்த காகிதத் துணுக்கு ஒன்று,
கால் பங்கில் இன்னொன்று.
நடுவை விரலால் தொட்டும் தொடாமலும் சுண்டி
விரலை எடுத்தேன்.
கால் பங்கில் இருந்தது துள்ளி விழுந்தது.
நடுவில் இருந்தது அசையவே இல்லை.
ஆனாலும் இரண்டு பாதியும் பாடின.
இந்தப் பாதியின் பாட்டு
அந்தப் பாதிக்கு எந்த வழியாகப் போனது என்று
பாந்துரிக்காரன் எவனும் கேட்டதில்லை.
ஒரு மடல் மேலெழும் நேரம் மறு மடல் கீழே.
அதற்குத்தான் ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம் பூசச் சொன்னார்,
நான் அழகுக்கென்று நினைத்திருந்தேன்.

ஆனால் மரம் அந்தரத்தில் நிற்காதே.
ஒரு சைக்கிள் ஆரக் கம்பியை வெட்டி
இரண்டு மடலையும் கோத்துக் கொடுத்தேன்.
அவ்தாந்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்தக் கம்பி கிடையாதே."
"தெரியும். அரை லிட்டர் கூட ஆகும்."
கொடுத்தார். வகுப்பில்
கம்பியை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்வாராம்.

அன்றிரவு கேனைக் கட்டிலடியில் வைத்துவிட்டு
கதவைப் பார்த்துப் படுத்தேன்.
பல்பு எரியவில்லை.
முதுகுக்குப் பின்னாலிருந்து, சுவரிடம் சொல்வதுபோல,
"கசியுது"
என்றாள்.