மூச்சே காட்டாதவர்

செவ்வாய்தோறும் நான்கு மணிக்கு
துறைமுகக் கூடத்தைத் திறப்பவள் நான்.
சாவி என்னிடம், காப்பிக் கெண்டி என்னிடம்,
நாற்பது வருடச் சிகரெட்டும் என்னிடம்தான்,
இரண்டு நுரையீரலிலும் சரிபாதியாக.

டென்மார்க்கின் மேற்குக் கரை இது.
காற்றுக்குப் பஞ்சமில்லை.
கதவைப் பிய்க்கும், சைக்கிளைச் சாய்க்கும்,
கடற்பறவையைப் பின்பக்கமாகப் பறக்கவைக்கும்.
எங்கள் பதினொரு பேருக்கு மட்டும்
உள்ளே வர ஆயிரம் யோசனை அதற்கு.

மீன்மாவு ஆலையில் வெல்டிங் செய்த தோர்கில்
மாடிப்படியைக் கண்டால் திட்டுவார், டேனிஷில் உள்ள அத்தனை வசவிலும்.
இங்கெலிஸின் நெஞ்சில் பேக்கரி மாவு.
போடில் தன் ஆக்ஸிஜன் சிலிண்டரைச்
சக்கரவண்டியில் இழுத்து வருவாள்;
கேட்டால், இரண்டாம் புருஷன் என்பாள்,
முதலாமவனைவிடச் சத்தம் குறைவாம்.

மருத்துவர் தந்த சீட்டில்
'வாரம் ஒருமுறை பாடவும்' என்றிருந்ததைப் படித்துச் சிரித்தேன்.
சிரிப்பு இருமலாகி
என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

பாடவைக்க வருபவள் மெட்டெ.
மெழுகுவத்தியை ஏற்றி முகத்துக்கு நேரே வைப்பாள்.
அணைக்கக் கூடாது,
சுடர் சாய வேண்டும், அவ்வளவுதான்.
ஊதி ஊதி
அணைத்துவிட்டு விழிப்போம், களவு போன வீட்டுக்காரர்கள்போல.

ஊதுகுழாயில் எண் ஒன்றும் ஏறிவிடவில்லை.
ஆனால் தோர்கில் இப்போது
ஆறாம் படியில்தான் திட்டத் தொடங்குகிறார்.
முன்பு நான்காம் படி.

கிறேஸ்தென் அக்டோபரில் வந்தார்.
கதவோரம், கோட்டைக் கழற்றாமல்.
வாய் திறக்கும், மூடும், எல்லாம் சரியான இடத்தில்.
சத்தம் வராது.
செப்டம்பரில் அவர் வீட்டுக் கம்பத்தில்
கொடி பாதியில் நின்றது; ஊருக்கே தெரியும்.
அஸ்தா போனதைப் பற்றி
அவர் மூச்சே காட்டவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
கேள்விக்கும் மூச்சு செலவாகும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், பனி.
மெட்டெயின் பேருந்து பாலத்தில் மாட்டிக்கொண்டது.
சுருதி கொடுக்க ஆளில்லை.
வீட்டுக்குப் போகலாம் என்றது யாரோ.
யாரும் எழுந்திருக்கவில்லை.
எழுந்திருப்பதே ஒரு வேலை எங்களுக்கு.

அப்போது சமையலறையில்
பழைய குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கியது.
கிறேஸ்தென் தலையைத் திருப்பினார்.

"மோட்டார் இழுக்குது.
இப்படி இருக்கக் கூடாது."

முப்பது வருடம் படகுகளில்
மீனுக்குக் குளிர் காத்த மனிதர்.
நாங்கள் விழிப்பதைப் பார்த்து,
எரிச்சலோடு,
நல்ல மோட்டார் எப்படி இருக்கும் என்று காட்டினார்:

ம்ம்ம்ம்ம்

தாழ்வான, ஈரமான, நேரான ஒலி.
போடில் அதைப் பிடித்தாள்.
இங்கெலிஸ் மேலே ஏறி நின்றாள்.
நான் எங்கே சேர்ந்தேன் என்று தெரியாது,
என் மார்பெலும்பு அதிர்ந்தது மட்டும் தெரியும்.
ஒருவர் மூச்சு தீர்ந்த இடத்தில்
இன்னொருவர் இருந்தார்.
ஒரே மூச்சில் பாட முடியாதவர்கள்
பதினொரு மூச்சில் பாடினோம்.

பெட்டி தானாக நின்றது.
நாங்கள் நிற்கவில்லை.

பிறகு காப்பி.
கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"பாட்டெல்லாம் அஸ்தாதான்.
பாத்திரம் கழுவும்போது.
நான் கேட்பதோடு சரி."
தோர்கில் சர்க்கரையை அவர் பக்கம் தள்ளினார்.
இங்கே அதற்குமேல் எதுவும் செய்வது வழக்கமில்லை.

அடுத்த செவ்வாய் கருவிப்பெட்டியோடு வந்து
மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்.
இப்போது காதை ஒட்டவைத்தால்தான் கேட்கிறது.
சுருதிக்கு, மெட்டெ உட்பட,
எல்லோரும் கதவோரம் திரும்புகிறோம்.

கோட்டை இன்னும் கழற்றவில்லை.
மேல் பொத்தான் மட்டும்
திறந்திருக்கிறது.