அணைக்காத வண்டி

காலையில் கொண்டுவந்தால் பழுதே தெரியாது.
சாவி திரும்பிய அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும்.
புரைமி சனையாவில் மூன்று பட்டறை பார்த்துவிட்டு
ஒன்றுமில்லை என்று
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பிஜ்ஜார். துர்பத்துக்காரன். தண்ணீர் டேங்கர்.
இரண்டு கோடையாகப் பகலில் வண்டியை அணைத்ததில்லை.
கேம்ப் கேம்பாக ஊற்றும்போதும் ஓடும்,
தொழப் போகும்போதும் ஓடும்,
டீசல் போடும்போதும் ஓடவிட்டு
பங்க்கில் ஒருதரம் அபராதம்.
தப்பித்தவறி அணைந்துபோனால் மூன்று மணிநேரம்
அதன் நிழலில் படுத்திருப்பான்,
நிழல் நகர நகர அவனும் நகர்ந்து.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள்.
இதற்கு ஆறினால்தான் கஞ்சி.

சுட்டால்தான் சொல்லும், மத்தியானம் வா என்றேன்.
வந்தான். நாற்பத்தேழு டிகிரி.
அணை என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்தான். அணைத்தான்.
பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட்டர் சுற்றியது,
சுற்றியது, சுற்றியது,
பேருக்குக்கூடப் புகை இல்லை.

கோணிச்சாக்கை ஐஸ் தண்ணியில் நனைத்து
பம்பின் மேல் மட்டும் போர்த்து என்றேன்.
மொஃபிஸ் சிரித்தான்; போர்த்தினான்.
ஒரு சிகரெட் நேரம்.
சாவி. பிடித்துக்கொண்டது.

அவ்வளவுதான் நோய்.
உள்ளே தேய்ந்திருக்கிறது.
சூட்டில் டீசல் இளகி நீர்த்து
மயிரிழைச் சந்தில் நழுவித் திரும்பிவிடுகிறது.
நாசில்வரை போய்ச் சேர அதற்குத் தெம்பில்லை.

புதுத் தலை இருநூற்றிப்பத்து ரியால்.
அர்பாபுக்கு போன் போட்டேன்.
மகளை அழைக்கக் கல்லூரி வாசலில் நின்றிருந்தார்.
ஓடுதா? ஓடுது. பிறகென்ன, என்றார்.

பிறகென்ன.
நாலு பைப்பையும் தளர்த்தினேன், கழுத்து நட்டுகளையும்.
பின்பக்க பிளக்கைக் கழற்றி டயல் கேஜைச் சொருகினேன்.
முதல் பிஸ்டன் உச்சிக்கு வரவேண்டும்;
மொஃபிஸ் கிராங்கை அசைத்தான்,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்,
அடே போதும்.
முள் எண்பத்தெட்டில் நின்றது.
தொண்ணூற்றைந்து காட்ட வேண்டியது.
யாரோ எப்போதோ பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள்,
சத்தம் குறையட்டும் என்றோ
சும்மா கையரிப்போ.

பம்பின் உடம்பை, அது சுற்றும் திசைக்கு எதிராக
உள்ளங்கையால் தள்ளினேன்.
கையுறைக்குள் தோல் வெந்தது.
பென்சில் கோட்டின் தடிமன், அவ்வளவே.
அதற்கு மேல் போனால் எஞ்சின் சுத்தியலாய் அடிக்கும்,
முந்திப் பற்றும் நெருப்பு பிஸ்டன் தலையைத் தின்னும்.
தொண்ணூற்றெட்டில் நிறுத்தி இறுக்கினேன்.
புத்தகத்தில் இல்லாத அந்த மூன்று கோடு
என் பொறுப்பு.

ரவுண்டானாவரை விரட்டிக்கொண்டு போய்
நன்றாகச் சுட வைத்துத் திரும்பினான்.
அணைத்தான், கிளப்பினான்.
அணைத்தான், கிளப்பினான்.
ஏழு தடவை, பொம்மை கிடைத்தவன் மாதிரி.
எட்டாவது தடவை அணைத்துவிட்டுக் கிளப்பவில்லை.

போச்சுடா என்று ஓடினேன்.
கையை உயர்த்திக் காட்டினான்: பேசாதே.

அவன் முதுகுக்குப் பின்னால் டேங்கில்
பாதித் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது,
இந்தச் சுவரில் ஒரு தட்டு,
அந்தச் சுவரில் ஒரு தட்டு,
மெல்ல மெல்ல.
ரெண்டு வருஷமா இழுக்கிறேன், என்றான்,
இது பேசும்னு தெரியாது.

ரசீதில் டைமிங் என்று மட்டும் எழுதினேன். பதினைந்து ரியால்.
இந்தப் பம்பு அடுத்த ஜூனைத் தாங்காது என்பதை
அவனுடைய இந்தியில் ஒருதரம்
என்னுடைய அரபியில் ஒருதரம் சொன்னேன்.
தலையாட்டினான்.
காது அங்கே இருந்தது.