பிழை வரம்பு

லிம்பே சந்தையில் தராசுகளைச் சோதிப்பவள் நான்.
குறடு, ஈய முத்திரை,
பச்சைத் துணி விரித்த பெட்டியில் எடைக்கற்கள்.
என்னைக் கண்டதும்
கருவாட்டுக்கடை எஸ்னார்த்தி
தட்டின் அடியில் ஒட்டிய காந்தத்தை
வாயில் போட்டுக்கொள்வாள்.
அன்றைக்கு மட்டும் பேச்சே வராது அவளுக்கு.

வைசன் வீட்டைவிட்டுப் போய் ஐந்து மாதம்.
போன வாரம் தொலைபேசியில்
‘நீயும் பார்த்துக்கொள்’ என்றான்.
வைத்துவிட்டான்.
அந்த ‘உம்’மை நிறுக்க
என் பெட்டியில் கல் இல்லை.

மருந்துக்கடைப் பையன்
பெட்டியில் அச்சடித்த எழுத்துகளின்மேல்
விலைச்சீட்டை ஒட்டி மறைத்துக் கொடுத்தான்.
நான் கேட்கவில்லை. நன்றி சொல்லவுமில்லை.

மேல் ஈறில் ஒரு இழுப்பு, கீழ் ஈறில் ஒன்று.
குச்சியைக் குப்பிக்குள் நிறுத்தினேன்.
இருபது நிமிடம் பொறு,
நாற்பதுக்குப் பின் பார்க்காதே
என்று படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள்.
பிடித்திருந்தது எனக்கு.
நல்ல கருவி தன் எல்லையைத் தானே சொல்லும்.

பன்னிரண்டாம் நிமிடம் மின்சாரம் போனது.
பக்கத்து வீட்டு நாம்பெவே தீப்பெட்டி கேட்டு வந்தாள்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள்,
தண்ணீர் வரி என்றாள்,
வாசற்படியை விட்டு நகரவேயில்லை.
கைபேசி வெளிச்சத்தோடு நான் மேசைக்குத் திரும்பியபோது
நாற்பத்தேழு.

ஒரு கோடு அழுத்தமாக.
அது தன்னைப் பற்றிச் சொல்கிறது:
நான் வேலை செய்கிறேன்.
அதன் பக்கத்தில், என்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில்,
ஈரச் சுவரில் பென்சில் இழுத்தது மாதிரி
ஏதோ.
வெளிச்சத்தைச் சாய்த்தால் உண்டு.
நிமிர்த்தினால் இல்லை.

தராசு முள் மயிரிழை நகர்ந்தால்
விட்டுவிடுவோம். சட்டமே அனுமதிக்கிறது,
பிழை வரம்பு என்று பெயர்.
இந்தத் தாளிலோ
மங்கலான கோடும் கோடுதான் என்றிருக்கிறது,
கூடவே, இது முடிவல்ல,
மருத்துவமனையில் மறுபடி பார் என்று.
நேரம் தப்பிய அளவு செல்லாது என்று
எத்தனை பேர் சீட்டைக் கிழித்திருக்கிறேன்!
இதைக் கிழிக்கக் கை வரவில்லை.
நம்பவும் வரவில்லை.
விடியும்வரை
எனக்கு நானே கடைக்காரியும் அதிகாரியும்.

ஒன்று மட்டும் தொழிலில் தெரியும்:
சந்தேகப்பட்ட தராசை
அதே தராசில் வைத்துத் தீர்க்க முடியாது.

காலையில் ந்திராண்டே மருத்துவமனை. எனக்கு முன்னால் ஒன்பது பேர்.
செவிலி தோகோசானி கையுறை மாட்டியதும்
வாய் தானாகக் கேட்டுவிட்டது:
‘இதைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது?’

கோபிக்கவில்லை அவள்.
பெட்டியைத் திருப்பித் தேதியைக் காட்டினாள்.
இன்று காலை தாங்கள் சோதித்த பதிவேட்டைத் திறந்து
கையெழுத்தைக் காட்டினாள்.
கோணல் எழுத்து. மை இன்னும் பளபளத்தது.
‘இதில் என்ன வந்தாலும் வேறொன்றில் ஒத்துப் பார்ப்போம்,
அதுவரை ஒன்றும் சொல்லமாட்டேன்’ என்றாள்.

பெட்டியைக் கீழே வைத்தேன்.
உள்ளே கற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
மோதிரம் இருந்த விரலை விட்டு
அடுத்ததை நீட்டினேன்.