இரண்டே முக்கால் சுற்று

நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும்
ஜன்னல் காற்று பிடுங்கிக்கொண்டு போனது
என் வலது காதை.
முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.
பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர் விசில் ஊதினாராம்.
எனக்கு எப்படிக் கேட்கும்?
உடைமர முள்ளுக்குள் குனிந்து தேடியவர்களில் ஒருத்தர்
"கம்மலாம்மா விழுந்துச்சு?" என்றார்.
"இல்லண்ணே, காது."

அடுத்த மெஷினுக்குத் தங்கச்சீட்டை உடைத்தேன்.
மிச்சப் பணத்தில் அதற்கொரு பூட்டு.
வாகையடி முக்குப் பக்கம் மாடிப்படி ஏறினால்
சங்கரநயினார் பட்டறை.
காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினேன்:
காது மடலில் தோடாகத் தொடங்கணும்,
சுருண்டு சுருண்டு மேலே ஏறணும்,
பின்னாடி கொக்கியாய் இறங்கி
இடுப்புப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி
மெஷினைப் பிடிச்சுக்கிடணும்.
"சுத்து எத்தன?"
"ரெண்டே முக்கால்."
"அதென்ன முக்கா? மூணாக்கிருவோம்,
முழுசா இருக்கட்டும்."
"முக்கால்தான்."

முக்காலின் கதையை அவரிடம் சொல்லவில்லை.
மேலப்பாளையத்தில் காது பார்க்கிற ரஸ்மியா
பிளாஸ்டிக் காதைக் கழற்றி உள்ளே காட்டினாள்.
பட்டாணி அளவுக்கு ஒரு நத்தைச் சுருள்.
வாசல் சுற்றில் குருவி, கொலுசு, விசில்,
ஸ என்கிற எழுத்து.
உள்ளே போகப் போக ஆண்குரல்.
கடைசி முக்காலில் லாரி, இடி, உறுமி.
"உங்களுக்கு வாசல்தான்க்கா தேஞ்சிருக்கு.
நடமாட்டம் ஜாஸ்தி."
பதினொரு வருஷம் பஞ்சாலையில், ஸ்பின்னிங் பிரிவில்.
ஆயிரம் கதிர் நூலைச் சுற்றிக்கொண்டது,
என் சுருளைப் பிரித்துத்தான் சுற்றியது போல.

நயினார் தங்கத்தை இழுத்து, ஆணியில் சுற்றினார்.
"வெளிச்சுத்த மட்டும் மெல்லிசா போடுங்க."
"தேஞ்சிரும்மா, ஜெபக்கனி."
"தேயட்டும். முன்னாடியே தேஞ்சதுதான்."

மெஷினுக்குள்ளும் ஒரு செம்புச் சுருள் உண்டு.
பட்டனை அமுக்கினால்
மனுஷரை விட்டுவிட்டுக் கரண்டை மட்டும் கேட்கும்.
டியூப்லைட்டின் முனகல்,
பாலீஷ் மோட்டாரின் சிணுங்கல்.
யாராவது புத்தி சொன்னால் அமுக்கிவிடுவேன்.
அன்றைக்கு அமுக்கவில்லை.
பில் போடும் நேரம்.

"சேதாரம் எவ்வளவுண்ணே?"
"ஆதாரெல்லாம் வேண்டாம்மா,
ரெண்டு கிராமுக்கு எதுக்கு?"

எடுபிடிப் பையன் சிரித்தான்.
நான் நயினாரைப் பார்த்தேன்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
உதட்டில் எழுத்துப் பொறுக்குகிற பார்வை.
எத்தனை வருஷத்துச் சுத்தியலோ.
"சம்பளம் வந்துட்டா?" என்றவளுக்கு
"சாம்பார் போதும்" என்று
கல்யாணப் பந்தியில் பதில் சொன்னவள் நான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்காலியை நேரே இழுத்துப் போட்டேன்.
குரலைத் தாழ்த்தி, கனமாக்கி,
அவருடைய கடைசிச் சுற்று வரைக்கும் போகும்படி
சொன்னேன்:
சே. தா. ரம்.

பென்சிலை எடுத்தார். எட்டு என்று போட்டிருந்ததை
அடித்து ஆறு என்று எழுதினார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
ரஸ்மியாவின் நம்பரைப் பில்லின் மூலையில் எழுதி
அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
பையன் பார்க்காதபோது.

பணகுடியில் இறங்கும்போது ஆடிக் காற்று.
சேலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
தூரத்தில் காற்றாடி மரங்கள் முழுச் சுற்றாய்ச் சுற்றின.
மெஷின் அசையவில்லை.
ஆனால் தங்கம் மைக்கில் உரசி
கரகரவென்று ஒரு சத்தம், புதுசு.
ரஸ்மியா திட்டுவாள்.
திட்டட்டும்,
கேட்கும்.