வெள்ளிக்கிழமை, நாலு மணி

லியெபாயா துறைமுகத்தில்
கோதுமைக் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும்
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
வெல்கா கதவைச் சாத்திக்கொள்வாள்.
கம்பளிக் காலுறையோடு ஒரு காலை மடித்து
நாற்காலியில் உட்கார்ந்து
மின்னஞ்சல் பெட்டியை அடியிலிருந்து திறப்பாள்.
மேலிருந்து தொடங்கினால்
புதுசுகள் பேசிக்கொண்டே இருக்குமாம்.

எதிர் அறையில் எனக்கு
ஒன்பதாயிரத்துச் சொச்சம் படிக்காமல் கிடக்கிறது.
நான் என்ன சொல்ல.

காலணிக் கடைக்கு விடைகொடுப்பாள்.
'விலகு' என்ற சொல்லை அவர்கள்
சாம்பல் மேல் சாம்பலாக
எறும்பெழுத்தில் ஒளித்திருப்பார்கள்;
அவள் கண்ணுக்கு அது இப்போது ஐந்து நொடி வேலை.
பாட்டுக் குழுவை விட்டு வந்து ஆறு வருடம்,
ஒத்திகை நேரம் மட்டும் வந்துகொண்டிருந்தது.
அதற்கும் விடை.
நன்றி என்று மட்டும் வந்ததைத் திறக்கமாட்டாள்.
நன்றிக்கு நன்றி என்று வந்ததைத்
திறந்து, சிரித்து, அழிப்பாள்.
'அவசரம்' என்று தலைப்பிட்டது திங்கள் வரை காத்திருக்கும்.
நிஜமாகவே அவசரமென்றால்
ஆள் மாடியேறி வருவான், மூச்சிரைக்க.

முன்பு ஒரு கோப்புறை வைத்திருந்தாள்,
பெயர் 'பிறகு'.
கட்டிலடியில் குப்பையைத் தள்ளுகிற மாதிரி
இரண்டாயிரத்து முந்நூறு கடிதம் அதற்குள்.
பனி பெய்த ஒரு மாலை
மொத்தமாக அழித்துவிட்டு
ஒரு வாரம் வயிற்றைக் கலக்கிக்கொண்டு திரிந்தாள்.
யாரும் கேட்கவில்லை.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது என்றாள்.

கடைசியாக மிஞ்சுவது ஓயார்ஸ்.
'ஆகஸ்ட் பதினான்கு வரை விடுப்பில் இருக்கிறேன்,
வந்ததும் பதில் எழுதுகிறேன்.'
எந்த ஆகஸ்ட் என்று இல்லை.
மனிதர் ஓய்வுபெற்று நாலு வருடம்;
கணக்கை மூட யாருக்கும் தோன்றவில்லை.
திங்கள்தோறும் கப்பல் அட்டவணை அனுப்பினால்
இரண்டே நொடியில் வந்து நிற்பார்.
இந்தத் துறைமுகத்திலேயே
இவ்வளவு சுறுக்காகப் பதில் போடுகிறவர் வேறில்லை.
பட்டியலிலிருந்து அவர் பெயரை எடு என்றேன்.
எடுக்கிறேன் என்றாள், மூன்று முறை.

போன சனிக்கிழமை சந்தையில்
புகையூட்டிய மீன் வாங்கும் வரிசையில்
அவருக்குப் பின்னால் நின்றாளாம்.
முழங்கால் பற்றிப் பேசினார், மகனின் படகு பற்றி.
பிறகு மீன் பொட்டலத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு,
'இப்போதெல்லாம் எனக்கு
ஒருத்தரும் எழுதுவதில்லை' என்றார்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
சில்லறையை எண்ணினாளாம்.

நேற்று வெள்ளி.
ஆறு மணிக்குச் சாவி கேட்கப் போனேன்.
பெட்டி காலி, திரை வெள்ளையாக இருந்தது.
புதுக் கடிதம் ஒன்றைத் திறந்து
அவருடைய பழைய அலுவலக முகவரிக்கு
(வேறு முகவரி அவளிடம் இல்லை)
முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு
அனுப்பிவிட்டாள்.

ஒன்று.
இரண்டு.

ஆகஸ்ட் பதினான்கு வரை விடுப்பில் இருக்கிறாராம்.

அதை அழிக்கவில்லை அவள்.
கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்,
'அவர் வீடு பாலம் தாண்டி
இடப்பக்கமா, வலப்பக்கமா?'