நில்

தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய தாளில்
கோச் வால்தெமாரின் கோழிக்கிறுக்கல்:
'ஒன்பதாம் எண், இடப்பக்கம்.'

பைசாந்து மைதானம். உருகுவே ஆற்றின் காற்று.
கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் மாத்தே உறிஞ்சியபடி
என்னைவிட நன்றாகப் பந்து பிடிக்கத் தெரிந்த
முந்நூறு பேர்.

போன மாதமும் இப்படியொரு பெனால்ட்டி.
உள்ளே ஏதோ 'நில்' என்றது.
தாளை நம்பித் தாவினேன்.
நான் நின்றிருக்க வேண்டிய காற்றைத் துளைத்துக்கொண்டு
நடுவே போனது பந்து.
வாயெல்லாம் புல். ஒருவரும் திட்டவில்லை.
தாள் சொன்னதைத்தானே செய்தாள் என்றார்கள்.
அந்த மன்னிப்பு இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

யாமிலா பந்தை வைக்கிறாள்.
எடுத்து, திருப்பி, மறுபடி வைக்கிறாள்.
அதே குரல். குரல் என்று சொல்ல முடியாது,
முழங்காலில் ஒரு பிடிவாதம்.

விசில்.
நின்றேன்.

பந்து இடப்பக்கமே போனது.

வேலியோரச் சிரிப்பு,
வால்தெமார் தொப்பியைத் தரையில் அறைந்த சத்தம்,
எல்லாம் கேட்டது.
வலையிலிருந்து பந்தை நானே எடுத்து வந்தேன்.
கை நடுங்கவில்லை, அதுதான் வேடிக்கை.
இந்தத் தப்பில் இன்னொருவர் கையெழுத்து இல்லை.

அடுத்தவள் நடந்து வருகிறாள்.
ஒரு மடக்குக் குடித்துவிட்டு
பாட்டிலைத் திருப்பி வைக்கிறேன்,
எழுத்து கம்பத்தைப் பார்த்திருக்க.