பக்கம்

சமாதானபுரத்தில் என் கொட்டகை.
மூன்று குளிர்பெட்டி, ஒரு லோடு ஆட்டோ,
நூறடி ஒயர் இரண்டு சுருள்.
பாளையங்கோட்டையில் சாவு விழுந்தால்
பந்தல்காரர் கைகாட்டுவார்,
இல்லை பூக்கடைக்காரர்.
இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை.
கண்ணைத் துடைத்தபடி போனில் தேடுகிறார்கள்.

தேடினால் நான் எட்டாம் பக்கம்.
துக்க வீட்டில்
எவன் எட்டாம் பக்கம் வரைக்கும் போவான்?

வண்ணார்பேட்டையில் மாடியறை எடுத்து
வெப்சைட் பார்த்துக்கொடுக்கிறாள் கோமு.
"ஆறு மாசம் ஆவும் அண்ணாச்சி.
எட்டும் ஆவலாம்.
தெனம் தெனம் நீங்களே தேடி
நீங்களே தொட்டுப் பாக்காதிய,
அதுக்குத் தெரிஞ்சிரும்."
எதற்குத் தெரியும் என்று கேட்கவில்லை.
வரும் வழியில் பாலத்துக்குக் கீழே
பிசானத்துக்கு நாற்றுப் பாவியிருந்தார்கள்.

தொடாமல் இருக்க முடிந்ததா?
டீக்கடையில் அடுத்தவன் போனை வாங்கித் தேடினேன்.
எட்டு. ஏழு. மறுபடி எட்டு.

மதுரையிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டான்.
ஏழு நாளில் முதல் பக்கம்,
ஒன்பதாயிரம் ரூபாய்.
கோமுவிடம் சொல்லாமல் அனுப்பினேன்.
பதினோராம் நாள் மூன்றாவது பெயர் என் பெயர்.
டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் வடை சொன்னேன்.
இருபதாம் நாள்
எட்டிலும் இல்லை, எண்பதிலும் இல்லை.
மதுரைக்காரன் போன் அணைந்து கிடந்தது.
கோமு விவரம் கேட்டாள்.
காலண்டரைத் திருப்பி
ஆறு மாதத்தை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"பெட்டியப் பத்தி எழுதாதிய.
ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒரு மனுசனுக்கு என்ன தெரியணுமோ
அத எழுதித் தாங்க."

எழுதினேன்.
மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி திரும்ப எத்தனை அடி வேண்டும்.
கரண்ட் போனால் முதலில் யாரைக் கூப்பிட.
வீட்டில் இறந்தால் டாக்டர் சான்று எப்படி.
குத்துவிளக்கை ஒயருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.
வாரம் ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை.
எழுத ஒன்றும் தோன்றாத ஒரு சனிக்கிழமை
இப்படி எழுதிக் கொடுத்தேன்:
உடனே எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை.
கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.
நாங்கள் எங்கேயும் போய்விட மாட்டோம்.
கோமு ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினாள்.

லெந்து வெள்ளி, மாலை ஆராதனை.
வியாதியஸ்தர் பெயர்களை
ஐயர் ஒவ்வொன்றாக வாசித்தார்.
என்னை மேலே ஏற்றும் ஆண்டவரே என்று கேட்க
வாயைத் திறந்தவன்
அந்தப் பெயர்களைக் கேட்டு மூடிக்கொண்டேன்.
வேறென்ன கேட்பது என்றும் தெரியவில்லை.
எல்லோரும் எழுந்தபோது எழுந்தேன்.

சித்திரையில் நாலாம் பக்கம்.
வைகாசி முழுக்க இரண்டிலேயே நின்றது,
பழைய பஸ் ஸ்டாண்டில் நெரிசலில் மாட்டிய பஸ் மாதிரி.
ஆனி பிறந்து, அணை திறந்து,
கால்வாயில் தண்ணீர் வந்த மறுநாள்
கோமு ஒரு படம் அனுப்பினாள்.
முதல் பக்கம், நாலாவது பெயர்.

அதைப் பார்த்து வந்த முதல் போன்
ஒரு கல்யாண வீட்டிலிருந்து.
"முந்நூறு கப்பு ஐஸ்கிரீம் வைக்க ஆவுமா?"
"ஆவாது அண்ணாச்சி."
"ஏன், சின்னப் பெட்டியோ?"
"இல்ல, ஆறடி."
கொஞ்ச நேரம் கழித்துத்தான் வைத்தார்.

பிறகு அது வந்தது.
சாரல் காற்றில் கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது.
மணி மூன்று பத்து. தியாகராஜநகர்.
வாடகை கேட்கவில்லை அந்த ஆள்.
நான் பேசிக்கொண்டே சாவியைத் திருகி
வண்டியை எடுத்துவிட்டேன்.
"பன்னெண்டு மணிக்கே ஒங்க நம்பர் கெடச்சிட்டு.
நீங்க எழுதியிருந்தத வாசிச்சேன்,
அதான் கூப்புடல.
இப்பவும் ஒண்ணும் அவசரமில்ல.
மெதுவா வாங்க.
அம்மா பக்கத்துலதான் இருக்கேன்."

வண்டியை அணைத்தேன்.
தகரம் அடிப்பது மட்டும் கேட்டது.
இருட்டில், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.